ஊர்காணலும் ஊர்சூழ்தலும்: கோவையின் காலனியக்கால ஆலயங்களையும் பழந்தெருக்களையும் நடந்து வாசித்தல்

ஆய்வுச் சுருக்கம்

பழைய நகரத்தின் தெருக்களையும் ஆலயங்களையும் நடந்து காண்பது இன்று 'மரபு நடை' என்னும் பெயரில் ஒரு பண்பாட்டு வழக்கமாக வளர்ந்துள்ளது. அந்நடையில் சொல்லப்படும் விவரிப்பும் ஒரு பனுவலே. எனவே அதுவும் திறனாய்வுக்கு உரியது. கோயம்புத்தூரின் காலனியக்கால ஆலயங்களைப் பற்றிய நடை விவரிப்புகள் நிறுவியவர், ஆண்டு, கட்டடப்பாணி என்னும் மூன்று அளவுகோல்களுக்குள் அடங்கிவிடுவதை இக்கட்டுரை சுட்டுகிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, ஊர்சூழ் வரி ஆகிய இரண்டும் காட்டும் இருவகை நடைகளைத் திறனாய்வுக் கருவியாகக் கொண்டு, ஆலயங்களின் அமைவிடம், தெருப்பெயர், வழக்குச்சொல், சாதி வினா ஆகியவற்றை நடையின் பொருளாக்க வேண்டியதன் தேவையை நிறுவ முயல்கிறது.

திறவுச் சொற்கள்: மரபு நடை, கோயம்புத்தூர், ஊர்காண் காதை, ஊர்சூழ் வரி, புனித மிக்கேல் பேராலயம், ஆல் சோல்ஸ் ஆலயம், தெருப்பெயர், சாதி

முன்னுரை

கோயம்புத்தூருக்குப் பேருந்தில் வருவோருள் பலர் காந்திபுரத்தில் இறங்குகின்றனர். நகரின் முகமாக இன்று அறியப்படும் காந்திபுரம் இருபதாம் நூற்றாண்டின் படைப்பு என்பதை அதன் பெயரே காட்டிவிடுகிறது. அங்குள்ள குடியிருப்புத் தெருக்கள் எண்களால் அறியப்படுகின்றன. அப்பகுதியின் கத்தோலிக்க ஆலயம் பாத்திமா அன்னையின் பெயரைத் தாங்கியது. போர்த்துகலின் பாத்திமாவில் அன்னை காட்சியளித்ததாக நம்பப்படும் ஆண்டு 1917. ஆகவே அப்பெயரில் அமைந்த எந்த ஆலயமும் அவ்வாண்டுக்கு முற்பட்ட பெயருடையதாக இருக்க இயலாது. கல்வெட்டோ ஆவணமோ கையில் இல்லாத நிலையிலும் ஒரு பெயரைக் கொண்டே காலத்தின் மேல் எல்லையை வரையறுக்கலாம் என்பதற்கு இது எளிய சான்று.

காந்திபுரத்திலிருந்து தென்மேற்காகச் சில கிலோமீட்டர் நடந்தால் எண்கள் மறைந்து பெயர்கள் தொடங்குகின்றன. ராஜ வீதி, ஒப்பணக்கார வீதி, பெரிய கடை வீதி, வைசியாள் வீதி, கருப்பக் கவுண்டர் வீதி, ரங்கை கவுடர் வீதி, சலிவன் வீதி, தாமஸ் வீதி, சுக்கிரவார்பேட்டை எனத் தொழிலும் சாதியும் ஆளும் கிழமையும் தெருவாகி நிற்கும் பழைய நகரம் அது. எண்ணிட்ட தெருவுக்கும் பெயரிட்ட தெருவுக்கும் இடையிலான இத்தொலைவே இவ்வாய்வின் களம். அக்களத்தில் நிற்கும் காலனியக்கால ஆலயங்கள் எவ்வாறு விவரிக்கப்படுகின்றன, அவ்விவரிப்பு எவற்றை விட்டுவிடுகிறது, விடுபட்டவை ஏன் முதன்மையானவை என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை எழுப்புகிறது.

1. நடைக்குத் தமிழில் உள்ள இலக்கணம்

நகரத்தை நடந்து வாசித்தல் பற்றிய அண்மைக்காலக் கோட்பாட்டு விவாதங்கள் பெரும்பாலும் பிரெஞ்சு அறிஞர் மிஷேல் தெ செர்த்தோவிடமிருந்து தொடங்குகின்றன. 1980-இல் வெளியான அன்றாட வாழ்வு பற்றிய தம் நூலில் அவர், நியூயார்க் நகரின் உயர்ந்த கட்டடத்தின் உச்சியிலிருந்து நகரைக் காணும் பார்வையையும் கீழே தெருவில் நடப்போரின் செயலையும் எதிரெதிராக நிறுத்தினார். மேலிருந்து காண்பவருக்கு நகரம் ஒரு வரைபடம். கீழே நடப்பவருக்கு அது ஒரு பேச்சு. மொழியைப் பேசுபவர் அதை அப்போதே தமதாக்கிக்கொள்வதுபோல, நடப்பவரும் நகரைத் தமதாக்கிக்கொள்கிறார் என்பது அவர் கருத்து.

இப்பாகுபாடு பயனுடையது. உக்கடம் மேம்பாலத்திலோ காந்திபுரம் மேம்பாலத்திலோ செல்பவர் காணும் கோவையும் பெரிய கடை வீதியில் நடப்பவர் காணும் கோவையும் வேறானவை என்பதை அது விளக்கிவிடும். ஆனால் நடப்பவர்களுக்குள்ளேயே உள்ள வேறுபாட்டை விளக்க அது போதுமானதாக இல்லை. நடப்பவர் அனைவரும் ஒரே வகையான விடுதலையுடன் நடப்பதில்லை. இவ்விடத்தில் தமிழ்ப் பனுவல் மரபு கூர்மையான ஒரு வேறுபாட்டை வழங்குகிறது.

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் ஒரே நகரம் இருமுறை நடந்து காட்டப்படுகிறது. ஊர்காண் காதையில் கோவலன் கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டு மதுரையைக் காணச் செல்கிறான். யவனர் காக்கும் வாயிலைக் கடந்து, பரத்தையர் வீதியும் மணிகள் விற்கும் தெருவும் பொன் வாணிகர் தெருவும் அறுவை விற்கும் தெருவும் கூலக் கடைகளும் கண்டு மகிழ்ந்து புறஞ்சேரிக்குத் திரும்புகிறான். ஊர்சூழ் வரியில் அதே நகரத்தெருக்களில் கண்ணகி ஒற்றைச் சிலம்புடன் செல்கிறாள். அவள் நகரின் அழகைக் காணவில்லை; நகரத்தை வினவுகிறாள். பெண்டிர் உளரோ, சான்றோர் உளரோ, தெய்வம் உளதோ என்னும் பொருள்பட அவள் எழுப்பும் வினாக்களுக்கு நகரம் விடைசொல்ல வேண்டியிருக்கிறது. அவ்வினாக்களைத் தொடர்ந்தே வழக்குரை காதை அமைகிறது.

கோவலனின் நடையில் கூர்ந்த நோக்கு இல்லை என்று கூற இயலாது. மணிகளின் குணங்களையும் குற்றங்களையும் வகைப்படுத்திக் கூறும் பகுதி அக்காதையிலேயே உள்ளது. எனினும் அவன் கண்ட கடைத்தெருவின் ஒழுங்குக்குப் பின்னே இயங்கும் அதிகாரம் தன்மீது எவ்வாறு பாயும் என்பதை அந்நடை அவனுக்கு உணர்த்தவில்லை. காணும் நடை அறிவைத் தரலாம். அவ்வறிவு நகரத்தைப் பொறுப்புக்கு உட்படுத்துவதில்லை. சூழும் நடையோ அதைச் செய்கிறது. இவ்விரண்டையும் முறையே ஊர்காணல், ஊர்சூழ்தல் எனக் கலைச்சொற்களாகக் கொள்ளலாம். இவற்றோடு ஆற்றுப்படை மரபையும் சேர்த்து எண்ணுதல் தகும். முன்னே நடந்து பரிசில் பெற்ற ஒருவர், பின்னே வருபவரை வழிப்படுத்துவது ஆற்றுப்படை. வழியில் காணும் நிலமும் உணவும் மக்களும் விரிவாகப் பேசப்படினும் அவ்வழி முடிவது புரவலனின் வாயிலில். இன்றைய மரபு நடையின் அமைப்பும் ஏறத்தாழ இதுவே. வழிகாட்டுநர் முன்னே செல்ல, பின்வருவோர் ஒரு கட்டடத்தின் வாயிலில் நிறுத்தப்பட்டு அதைக் கட்டியவரின் பெருமையைக் கேட்கின்றனர்.

2. மூன்று அளவுகோல்களும் அவற்றின் எல்லையும்

கோவையின் பழைய ஆலயங்களைப் பற்றிப் பொதுவாக வழங்கும் விவரிப்புகள், அவை அச்சில் வந்தாலும் வாய்மொழியாகச் சொல்லப்பட்டாலும், மூன்று செய்திகளைத் தவறாமல் தருகின்றன: நிறுவியவர் யார், எந்த ஆண்டு, எந்தப் பாணி. இவை மூன்றும் தேவையானவை. ஆயினும் மூன்றையும் சற்று அழுத்திப் பார்த்தால் அவற்றின் எல்லை புலப்படும்.

பெரிய கடை வீதியிலுள்ள புனித மிக்கேல் அதிதூதர் பேராலயத்தை எடுத்துக்கொள்ளலாம். அதன் தொடக்கம் பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்த மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக்கின் காலத்துக்கு உரியதாகவும், அதன் நிறைவு 1867-க்கு உரியதாகவும் கூறப்படுகிறது. பிரெசிலாக் 1842-இல் இந்தியாவுக்கு வந்தவர். கோயம்புத்தூரின் முதல் திருத்தூதரக ஆட்சியாளர். அவர் 1855-இல் பதவியிலிருந்து விலகினார். 1856-இல் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையைத் தோற்றுவித்தார். 1859-இல் சியரா லியோனின் ஃப்ரீடவுனில் இறந்தார். ஆக, ஆலயம் நிறைவெய்தியபோது அவர் இறந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 'இவ்வாலயத்தைக் கட்டியவர்' என்னும் தொடர் இந்த இடைவெளியை மறைத்துவிடுகிறது. தொடங்கியவருக்கும் நிறைவுக்கும் இடையிலுள்ள ஆண்டுகளில் சுண்ணமும் செங்கலும் சுமந்தவர், மரம் இழைத்தவர், காணிக்கை தந்த குடும்பத்தினர் ஆகியோர் எந்த அளவுகோலிலும் இடம்பெறுவதில்லை.

ஆண்டு என்னும் அளவுகோலும் இத்தகையதே. அடித்தளமிட்ட ஆண்டு, வழிபாடு தொடங்கிய ஆண்டு, அருள்பொழிவு நிகழ்ந்த ஆண்டு, மறைமாவட்டம் அமைந்த ஆண்டு ஆகியவை வேறு வேறானவை. கோயம்புத்தூர் மறைமாவட்டமாக உயர்த்தப்பட்டது 1886-இல். இவற்றுள் எதை 'ஆலயத்தின் வயது' எனக் கொள்வது என்பது ஒரு தேர்வு. அடித்தள ஆண்டைத் தேர்வது தொடங்கிய மனிதரை முன்னிறுத்துகிறது. மறைமாவட்ட ஆண்டைத் தேர்வது நிறுவனத்தை முன்னிறுத்துகிறது. நிறைவெய்திய ஆண்டைத் தேர்வது கட்டடத்தை முன்னிறுத்துகிறது. வழிபட்ட மக்களை முன்னிறுத்தும் ஆண்டு எது என்னும் வினா எழுவதே இல்லை. கோவை நகருக்கு முன்னரே கருமத்தம்பட்டியில் கத்தோலிக்கச் சமூகம் வேரூன்றியிருந்தது. பிரெசிலாக்கும் தொடக்கத்தில் அங்கிருந்தே பணியாற்றினார். கொங்குக் கிறித்தவத்தின் வரலாற்றை நகரத்துக் கட்டடத்திலிருந்து தொடங்குவது, ஊர்ப்புறத்தை நகரத்தின் முன்னுரையாகக்கூட ஏற்காத ஒரு விவரிப்பாக முடிகிறது.

கட்டடப்பாணி என்னும் மூன்றாம் அளவுகோல் பெயரிடலில் நின்றுவிடுகிறது. கோதிக், ரோமானிய, இந்தோ–சாரசெனிக் என்னும் சொற்கள் கேட்பவருக்கு ஒரு நிறைவைத் தருகின்றன. எந்த ஐரோப்பிய நகரத்தின் எந்தக் கட்டடத்தை அது ஒத்திருக்கிறது என்பதை அச்சொல் கூறும். கொங்குநாட்டின் வெயிலுக்கும் உள்ளூர்க் கொத்தரின் கைப்பழக்கத்துக்கும் ஏற்ப அப்பாணி எவ்வாறு வளைந்தது என்பதைக் கூறாது. ஒப்புமை எப்போதும் வெளியே நோக்கி அமைவதால் உள்ளூர்க் கட்டடம் மூலத்தின் படியாகவே எஞ்சுகிறது.

3. மூன்று திருச்சபைகள், இரண்டு நகரங்கள்

நடை தரக்கூடிய நான்காவது அளவுகோல் ஒன்று உண்டு. அது இடம். ஓர் ஆலயத்தை மட்டும் நோக்கும்போது இடம் முகவரியாகிறது; ஓர் ஆலயத்திலிருந்து மற்றோர் ஆலயத்துக்கு நடக்கும்போதே அது சான்றாகிறது.

புனித மிக்கேல் பேராலயம் கடைவீதியின் நெரிசலுக்குள் நிற்கிறது. அதற்கு நடைதொலைவில் கோனியம்மன் கோயிலும் கோட்டைமேட்டின் பள்ளிவாசல்களும் உள்ளன. லண்டன் மிஷனரி சங்கத்தின் பணி 1830-இல் டபிள்யூ. பி. ஆடிஸ் கோவைக்கு வந்ததோடு தொடங்கியது; தமிழ்ச் சபையினரையும் பள்ளிகளையும் மையமாகக் கொண்டு வளர்ந்தது. ஆல் சோல்ஸ் ஆலயமோ 1872-இல் ஆங்கிலேய அலுவலர்க்கும் அவர்தம் குடும்பத்தினர்க்கும் உரியதாக ரேஸ் கோர்ஸ் பகுதியில் எழுந்தது. கடைவீதியின் ஆலயத்துக்கும் ரேஸ் கோர்ஸின் ஆலயத்துக்கும் இடையே ஓடுவது ரயில் பாதை. பாதைக்கு மேற்கே கடைவீதியும் கோயிலும் பள்ளிவாசலும் நிறைந்த பழைய ஊர். கிழக்கே ஆட்சியர் அலுவலகமும் பங்களாக்களும் குதிரைப் பந்தயத் திடலும் அமைந்த ஆங்கிலேயர் பகுதி.

இப்பிரிவை ரயில் பாதை உருவாக்கியதாகக் கருத இடமுண்டு. நகர வரலாறுகளில் அத்தகைய விளக்கம் பரவலாக வழங்குவதே. ஆனால் ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்து நோக்கினால் முறை மாறுகிறது. போத்தனூரிலிருந்து கோவை வழியாக மேட்டுப்பாளையம் செல்லும் பாதை திறக்கப்பட்டது 1873-இல். அதற்கு ஓராண்டு முன்பே ஆல் சோல்ஸ் ஆலயம் கிழக்குப் பகுதியில் நிலைகொண்டுவிட்டது. ஆகவே ரயில் பாதை ஒரு பிளவைத் தோற்றுவிக்கவில்லை. முன்னரே உருவாகியிருந்த இடைவெளிக்கு நிலையான எல்லை வகுத்தது எனக் கொள்வதே பொருந்தும். ஆலயம் இங்கு வழிபாட்டிடம் என்பதோடு, ஆட்சியாளர் தம் குடியிருப்பை எங்கே வரையறுத்தனர் என்பதற்கான ஆண்டுக் குறிப்பாகவும் ஆகிறது. இம்முடிவு தனித்தனிக் கட்டடக் குறிப்புகளிலிருந்து கிடைப்பதில்லை; இரண்டுக்கும் இடையே நடந்தால்தான் கிடைக்கிறது. லங்கா கார்னர் சுரங்கப்பாதையின் கீழ், பெருமழை பெய்தால் நீர் தேங்கும் அந்தப் பள்ளத்தைக் கடந்தே ஒரு கோவையிலிருந்து மற்றொரு கோவைக்குச் செல்ல வேண்டியுள்ளது.

பின்வந்த வரலாறு இதைவிடச் சிக்கலானது. ஆங்கிலிக்கன் மரபும் லண்டன் மிஷனரி சங்கம் சார்ந்திருந்த சபை மரபும் வேறு வேறு திருச்சபைகள். 1947 செப்டம்பர் 27 அன்று உருவான தென்னிந்தியத் திருச்சபையில் அவை இணைந்தன. ஆட்சியாளர் ஆலயமும் குடிமக்கள் ஆலயமும் ஒரே திருச்சபையின் ஆலயங்களாயின. கோட்பாட்டில் நீங்கிய எல்லை இடத்தில் நீங்கவில்லை. இந்தியா விடுதலை பெற்ற அதே ஆண்டில் நிகழ்ந்த இவ்விணைப்பைக் 'காலனியக்கால ஆலயம்' என்னும் அடைமொழி முற்றாக மறைத்துவிடுகிறது. அவ்வடைமொழி ஆலயத்தை அதன் கட்டட ஆண்டில் உறையவைக்கிறது. அதற்குப் பின் தமிழில் வழிபாடும் திருமணமும் அடக்கமும் நிகழ்ந்த பல பத்தாண்டுகளைக் கணக்கில் கொள்வதில்லை.

ரேஸ் கோர்ஸ் இன்று கோவையின் பெயர்பெற்ற நடைப்பயிற்சிப் பாதை. குதிரைகளுக்காக வகுத்த ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் வட்டத்தில் மக்கள் காலையும் மாலையும் நடக்கின்றனர். உடல்நலத்துக்காக நடப்பவர் வட்டமாகச் சுற்றி மீண்டும் தொடங்கிய இடத்துக்கே வருகிறார். அவ்வட்டம் ரயில் பாதையைக் கடப்பதில்லை.

4. தெருப்பெயர் என்னும் ஆவணம்

தெருப்பெயர்களை நடை விவரிப்புகள் பெரும்பாலும் சுவையான கதைகளாகவே பயன்படுத்துகின்றன. ஒப்பணக்கார வீதியின் பெயர்க்காரணத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் வழங்குகின்றன. எது உண்மை என்று தீர்மானிப்பதைவிட, எந்த விளக்கத்தை யார் விரும்புகின்றனர் என்று நோக்குவது பயனுடையது. பெயர்க்காரணக் கதை ஒரு சமூகத்துக்கு நகரின் நடுவில் இடம் கோரும் உரிமை ஆவணமாகவும் இயங்குகிறது.

சலிவன் வீதியின் நிலை வேறு. ஜான் சலிவன் கோயம்புத்தூரின் ஆட்சியராக இருந்தவர். 1819-இல் நீலகிரிக்குச் சென்று உதகமண்டலம் உருவாக வழிவகுத்தவர். நீலகிரியில் அவர் நினைவு பெரிதாகப் போற்றப்படுகிறது. கோவையின் பழைய ஊருக்குள் அவர் பெயர் ஒரு தெருவாகத் தமிழ் ஒலியில் கலந்து, ஆங்கிலப் பெயர் என்பதே உணரப்படாத அளவுக்கு வழக்கில் ஊறிவிட்டது. ஆலயங்களை அயலாரின் எச்சமாகவும் தெருவைத் தமிழரின் தொன்மையாகவும் பிரித்துக் காணும் விவரிப்பு இத்தெருவில் தடுமாறும்.

ராஜ வீதித் தேர்நிலைத் திடலிலிருந்து மாசி மாதம் புறப்படும் கோனியம்மன் தேர் ஒப்பணக்கார வீதி, வைசியாள் வீதி, கருப்பக் கவுண்டர் வீதி வழியாக நிலைக்குத் திரும்புகிறது. பழைய நகரத்தின் அமைப்பை விளக்கும் பழமையான நடை இதுவே. தேர் செல்லும் தெரு எது, செல்லாத தெரு எது என்பதே ஊரின் உள்ளும் புறமும் வகுத்த இலக்கணம். தமிழகக் கத்தோலிக்க மரபிலும் புனிதரின் திருநாளில் தேர்ப்பவனி உண்டு. தேர் என்னும் சொல்லும் அதை இழுக்கும் வழக்கமும் இரு சமயத்துக்கும் பொதுவாக இருத்தல், ஆலயத்தைத் தெருவிலிருந்து பிரித்து ஐரோப்பியக் கட்டடமாக மட்டும் காணும் பார்வைக்கு மறுப்பாக நிற்கிறது. கத்தோலிக்கர் தம் ஆலயத்தைக் 'கோயில்' என்றே வழங்குவதும் கருதத்தக்கது. நடை விவரிப்புகள் எல்லாவற்றையும் 'தேவாலயம்' என்று ஒருபடித்தாக்கும்போது, உள்ளிருப்போர் பேச்சு நீக்கப்பட்டு வெளியிலிருந்து பார்ப்போரின் சொல் நிலைபெறுகிறது.

ஊரின் துயரமும் தெருவில் பதிந்துள்ளது. 1901 மக்கள்தொகைக் கணக்கின்படி 53,080 பேர் வாழ்ந்த நகரம், அடுத்த பத்தாண்டுகளில் கொள்ளைநோயால் பெரும் இழப்புக்கு உள்ளாயிற்று. அந்நோயின் ஆங்கிலப் பெயரையே தாங்கிய பிளேக் மாரியம்மன் கோயில்கள் பழைய தெருக்களில் இன்றும் உள்ளன. ஆலயமும் இக்கோயில்களும் ஒரே காலத்தின் சாட்சிகள். ஒன்றைக் காலனியக்காலக் கட்டடம் என்றும் மற்றொன்றை நாட்டார் வழிபாடு என்றும் வேறு வேறு துறைகளுக்குள் வைப்பது ஆய்வு வசதிக்காக ஏற்பட்டது. தெருவில் அவை அடுத்தடுத்து நிற்கின்றன.

இவ்வாறே வெரைட்டி ஹால் சாலையும். கோவையில் பிறந்த கிறித்தவத் தமிழரான சாமிக்கண்ணு வின்சென்ட் ரயில்வேயில் பணியாற்றியவர். 1905-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து திரைப்படக் கருவியை வாங்கி ஊர் ஊராகச் சென்று படம் காட்டினார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் திரையரங்கை நிறுவினார். திரைப்பட வரலாற்றில் அவர் முன்னோடி. கிறித்தவ வரலாற்றிலோ ஆலய நடையிலோ அவர் இடம்பெறுவது அரிது. ஆலயத்தின் வரலாற்றை ஆயர்களின் வரலாறாக மட்டும் எழுதும்போது, கடைவீதியில் நடமாடிய இத்தகைய மனிதர்கள் வேறொரு துறையின் அடிக்குறிப்பாகிவிடுகின்றனர்.

5. விலகியவர் விட்டுச்சென்ற வினா

நடை விவரிப்பின் மிகப் பெரிய மௌனம் சாதி பற்றியது. பிரெசிலாக் ஏன் விலகினார் என்பதைச் சொல்லாமல் அவரை நிறுவியவராகப் போற்றுவதில் அம்மௌனம் தெளிவாகத் தெரிகிறது.

தமிழகக் கத்தோலிக்க மறைபரப்பில் 'மலபார் சடங்குகள்' என்று பெயர்பெற்ற சிக்கல் நெடியது. உள்ளூர் வழக்கங்களுக்கும் சாதி வேறுபாட்டுக்கும் எந்த அளவு இடம் தருவது என்பது அதன் மையம். 1744-இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்டின் ஆணை அதற்கு வரம்பு விதித்தது. அதைக் கடைப்பிடிப்பதாக மறைபரப்பாளர்கள் உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்தது. அவ்வுறுதிமொழி நீக்கப்பட்டது 1940-இல்தான். ஆணைக்கும் நடைமுறைக்கும் இடையிலிருந்த முரண் பிரெசிலாக்கை ஆழமாக வருத்தியது. உடன் பணியாற்றியோரிடையே ஒருமை இல்லாத நிலையில், தம் மனச்சான்றுக்கு இசைய அப்பொறுப்பில் தொடர இயலாது என்னும் முடிவுக்கு அவர் வந்தார். அவர் விலகலுக்கு இது முதன்மைக் காரணம். உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவதில் அவர் காட்டிய ஆர்வமும் குறிப்பிடத்தக்கது.

பிரெசிலாக்கைச் சாதி எதிர்ப்புப் போராளி என்று கொண்டாடுவது மிகையாகும். அவருடைய வினா முதன்மையாகத் திருச்சபைச் சட்டத்தையும் மனச்சான்றையும் பற்றியது. ஒடுக்கப்பட்டோரின் உரிமையிலிருந்து எழுந்தது என்று கூறுவதற்கில்லை. ஆயினும் பேராலயத்தின் தொடக்கக் கதைக்குள்ளேயே சாதி ஒரு தீராத சிக்கலாக அமர்ந்திருந்தது என்பதை அவருடைய விலகல் மறுக்க முடியாத வகையில் பதிவுசெய்கிறது. யார் எங்கே அமர்ந்து வழிபட்டனர், யார் எந்த வாயிலால் நுழைந்தனர், யாருடைய உடல் எங்கே அடக்கம்பெற்றது என்பவை தமிழகத்தின் எந்தப் பழைய ஆலயத்திலும் கேட்கப்பட வேண்டிய வினாக்கள். கட்டடப்பாணியை விளக்க ஒதுக்கும் நேரத்தில் ஒரு பகுதியை இவ்வினாக்களுக்கு ஒதுக்காத நடை, ஊர்காணலாகவே நின்றுவிடுகிறது.

இம்மௌனத்துக்குச் சான்றுகளின் இயல்பும் ஒரு காரணம். பாரிஸ் சபையின் இந்தியப் பணியை அட்ரியன் லோனே 1898-இல் பிரெஞ்சில் வரலாறாக எழுதினார். எஃப். ஏ. நிக்கல்சன் 1887-இல் ஆங்கிலத்தில் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டைத் தொகுத்தார். முன்னது மறைபரப்பாளரின் உழைப்பை மையமாகக் கொண்டது. பின்னது ஆட்சியின் தேவையை மையமாகக் கொண்டது. தமிழில் கோவைகிழார் என்னும் சி. எம். இராமச்சந்திரன் செட்டியார் (1888–1969) 'இதுவோ எங்கள் கோவை' என்னும் நூலை எழுதினார். அத்தலைப்பிலுள்ள ஓகாரம் வியப்பையும் ஐயத்தையும் ஒருங்கே தாங்குவது. 'எங்கள்' என்பது உரிமையைச் சுட்டுவது. நகரைப் பற்றி நகரத்தார் எழுப்பும் வினாவாகவே தலைப்பு அமைந்திருத்தல் பின்வரும் நடை எழுத்துகளுக்கு முன்மாதிரியாகத் தக்கது. ஆனால் அந்த 'எங்கள்' என்பதற்குள் யாரெல்லாம் அடங்குவர் என்னும் அடுத்த வினாவைக் கேட்க வேண்டிய பொறுப்பு இன்றைய எழுத்துக்கு உண்டு.

6. எழக்கூடிய மறுப்புகள்

இவ்வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, மரபு நடை பொதுமக்களுக்கானது. இரண்டு மணி நேரத்தில் இத்தனை சிக்கல்களைச் சொல்ல இயலாது என்பது. நேரம் குறைவு என்பது உண்மை. ஆனால் 1872, 1873 என்னும் இரண்டு ஆண்டுகளை அடுத்தடுத்துச் சொல்வதற்கு நேரம் மிகுதியாகத் தேவைப்படாது. தேவைப்படுவது தகவலின் அளவை மாற்றுவதன்று, அவற்றை வரிசைப்படுத்தும் முறையை மாற்றுவதே.

இரண்டாவது மறுப்பு, காலனியக்காலக் கட்டடங்களைக் காண்பதே அடிமைத்தனத்தைக் கொண்டாடுவதாகும் என்பது. இது ஆலயத்தை அதன் தொடக்கத்தோடு முற்றாக ஒன்றாக்கிவிடுகிறது. மிக்கேல் பேராலயத்தில் வழிபடுவோரும் தென்னிந்தியத் திருச்சபையினரும் இம்மண்ணின் மக்கள். 1892-இல் அரசி விக்டோரியாவின் பெயரில் எழுந்த நகர மண்டபத்தில் இன்று தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றம் கூடுகிறது. கட்டடங்கள் கைமாறுகின்றன, கைமாறிய வரலாறும் அவற்றின் வரலாறே. காணாமல் ஒதுக்குவது அவ்வரலாற்றை இழப்பதாகும்.

மூன்றாவது மறுப்பு எடையுடையது. சிறுபான்மைச் சமூகத்தின் வழிபாட்டிடத்தில் நின்று சாதி பற்றிப் பேசுவது அச்சமூகத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதாகாதா என்பது அது. 1998 குண்டுவெடிப்புகளின் காயம் இன்னும் ஆறாத கோவையில் இக்கவலையை எளிதாக ஒதுக்க இயலாது. அதற்குரிய விடை வினாவைக் கைவிடுவதன்று. அதே வினாவை எல்லாத் தெருக்களிலும் ஒரே நிறையுடன் கேட்பதாகும். தேரோடும் வீதியில் கேட்கப்படாத வினாவை ஆலயத்தின் வாயிலில் மட்டும் கேட்பது நேர்மையாகாது. ஊர்சூழ்தல் என்னும் சொல்லின் பொருளே ஊர் முழுவதையும் சூழ்தல் என்பதுதான்.

முடிவுரை

கோவையின் காலனியக்கால ஆலயங்களை விவரிக்கும் நடைகள் நிறுவியவர், ஆண்டு, பாணி என்னும் மூன்று அளவுகோல்களால் ஆற்றுப்படையின் புரவலர் புகழ்ச்சியை ஒத்த ஒரு வடிவத்தை அடைந்துள்ளன. இடம் என்னும் நான்காம் அளவுகோலைச் சேர்க்கும்போது மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, ஆல் சோல்ஸ் ஆலயத்தின் காலமும் ரயில் பாதையின் காலமும் காட்டுவதுபோல, நகரின் பிளவு ரயிலுக்கு முந்தியது. இரண்டாவது, ஆலயம் தெருவிலிருந்து தனித்த அயற்பொருளன்று. தேர், பெயர், நோய், திரைப்படம் ஆகியவற்றின் வழியே தெருவோடு பின்னியது. மூன்றாவது, சாதி வினா வெளியிலிருந்து இன்று ஏற்றப்படுவதன்று. பேராலயத்தைத் தொடங்கியவரின் விலகலிலேயே அது பதிவாகியுள்ளது.

இம்முடிவுகள் மேலாய்வுக்கு இரண்டு பணிகளைக் காட்டுகின்றன. ஒன்று, ஆலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளைத் தெருப்பெயர்களோடு இணைத்து நோக்குதல். அது வழிபட்ட மக்களின் வரைபடத்தைத் தரும். மற்றொன்று, கருமத்தம்பட்டி போன்ற ஊர்ப்புற மையங்களிலிருந்து நகரத்தை நோக்கி நடத்தல். இதுவரையிலான நடைகள் நகரத்துக்குள்ளேயே தொடங்கி நகரத்துக்குள்ளேயே முடிந்துள்ளன. தமிழில் 'நடை' என்பது காலின் செயலையும் எழுத்தின் இயல்பையும் ஒழுக்கத்தையும் குறிக்கும் ஒரே சொல். பழந்தெருக்களில் நிகழும் நடையை மதிப்பிடும்போது இம்மூன்று பொருளையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.